தப்பிக்குமா, இறங்குமா? 17-ஆவது இடத்தின் கணக்கு

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் டத்தோ கிராமட் சாலைப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ராமநாதபுரத்துத் தம்பி ஒருவர் தேத்தண்ணி கலக்குகிறார். ஊரில் இருந்தவரை அவருக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் மட்டும்தான். இங்கே வந்து, சனிக்கிழமை ராத்திரி ஆனால் கடை முழுக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காற்பந்து பார்ப்பதைக் கண்டு, அவருக்கும் ஆசை வந்துவிட்டது. சட்டையின் நிறம் பிடித்ததால் ஓர் அணியைத் தேர்ந்தெடுத்தார். அந்த அணி பட்டியலின் அடியில் கிடக்கிறது.

ஒருநாள் தே தாரிக்கை மேசையில் வைத்துவிட்டுத் திரையைக் காட்டிக் கேட்டார்: "அண்ணே, கீழ இருக்கிற மூணு டீமுக்கு மட்டும் ஏன் செவப்புக் கோடு போட்டிருக்கு?"

"அந்த மூணும் அடுத்த சீசன்ல இந்த லீக்ல இருக்காது தம்பி."

"அதெப்படி? ஐபிஎல்ல கடைசியா வந்தாலும் அடுத்த வருசம் ஆடத்தானே செய்றாங்க?"

கிரிக்கெட்டில் வளர்ந்த நம்மவர்கள் பலருக்கும் இந்த இடம்தான் புரிவதில்லை. ஐபிஎல்லில் கடைசி இடம் என்பது வெறும் அவமானம். இங்கிலாந்து காற்பந்தில் அது வீட்டைக் காலி செய்வது மாதிரி. அங்கே முதல்நிலை லீக்கான பிரிமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வொன்றும் 38 ஆட்டம் ஆடும். ஜெயித்தால் 3 புள்ளி, சமநிலைக்கு 1, தோற்றால் ஒன்றுமில்லை. சீசன் முடிவில் 18, 19, 20 ஆகிய இடங்களில் இருப்பவை 'சாம்பியன்ஷிப்' என்ற இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கும். அங்கிருந்து மூன்று அணிகள் மேலே வரும். இரண்டு அணிகளின் புள்ளி சமமாக இருந்தால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். அதாவது, போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது.

இறங்கினால் முதலில் அடி வாங்குவது பணம். தொலைக்காட்சி உரிமைப் பங்கு சுருங்கிவிடும். விழுந்தவர்கள் நொறுங்கிவிடாமல் இருக்க முதல் ஆண்டு 55 சதவீதம், அடுத்த ஆண்டு 45 சதவீதம் என்று லீக்கின் சமபங்கிலிருந்து ஒரு பகுதி கொடுப்பார்கள். அதற்குப் 'பாராசூட்' பணம் என்றே பெயர். அப்படியும் நல்ல ஆட்டக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். டிக்கெட் கிழிப்பவர், புல்தரை பார்ப்பவர் வரைக்கும் வேலை ஆட்டம் காணும். அதனால்தான் பட்டத்துக்காக நடக்கும் போட்டியைவிட அடியில் நடக்கும் இந்தப் போராட்டத்தை நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன்.

தம்பியின் அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பதுதான். "அப்ப எத்தனை புள்ளி எடுத்தாத் தப்பிக்கலாம்?"

40 என்று எல்லோரும் சொல்வார்கள். வர்ணனையாளர்கள் சொல்வார்கள், பயிற்சியாளர்கள் சொல்வார்கள், பக்கத்து மேசை அங்கிள் சொல்வார். அந்த எண்ணை மறந்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. 1997-98இல் போல்டனும் எவர்ட்டனும் ஆளுக்கு 40 புள்ளி. கோல் வித்தியாசத்தில் எவர்ட்டன் தப்பியது, போல்டன் போனது. ஆனால் அண்மைக் காலத்தைப் பாருங்கள். 2022-23இல் 18-ஆவது இடத்தில் இருந்த லெஸ்டர் எடுத்தது 34. 2023-24இல் அதே இடத்தில் லூட்டன் எடுத்தது 26. 2024-25இல் மறுபடி லெஸ்டர், வெறும் 25. அந்த ஆண்டு 17-ஆவது இடத்து அணி 26 புள்ளி எடுத்திருந்தாலே போதும், தப்பித்திருக்கும். 17-ஆவது இடத்தில் முடிந்த டாட்டன்ஹாம் 38 புள்ளியோடு, கீழே இருந்தவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதே மே மாதத்தில் அவர்கள் ஐரோப்பிய அணிகள் மோதும் யூரோப்பா லீக் கோப்பையையும் தூக்கினார்கள்.

ஆக, தப்பிப்பதற்கு நிலையான எண் என்று ஒன்று கிடையாது. கோடு ஒவ்வோர் ஆண்டும் நகர்கிறது. அந்தக் கோட்டை நகர்த்துவது 17-ஆவது இடத்தில் இருக்கும் அணி. உங்கள் அணி எத்தனை புள்ளி வைத்திருக்கிறது என்று பார்ப்பதைவிட, 17-ஆவது அணி எத்தனை புள்ளி வைத்திருக்கிறது, அது எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆர்டர் எழுதும் துண்டுச் சீட்டின் பின்பக்கம் தம்பிக்கு எழுதிக் காட்டியதையே இங்கே எழுதுகிறேன். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை.

30 ஆட்டம் முடிந்திருக்கிறது, மீதி 8. நம் அணி 18-ஆவது இடத்தில் 24 புள்ளி. 17-ஆவது இடத்தில் இருப்பவரிடம் 29. இடைவெளி 5.

5 புள்ளி என்றால் இரண்டு வெற்றி தானே என்று தோன்றும். தம்பியும் அப்படித்தான் சொன்னார். ஆனால் நாம் இரண்டு ஆட்டம் ஜெயிக்கும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டார். 30 ஆட்டத்தில் 29 புள்ளி என்றால் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 1. அதே வேகத்தில் போனால் மீதி 8 ஆட்டத்தில் இன்னும் 8 எடுத்து 37-இல் முடிப்பார். நம் வேகம்? 24-ஐ 30-ஆல் வகுத்தால் 0.8. இப்படியே போனால் 30 அல்லது 31-இல் முடிவோம். அவரைக் கோல் வித்தியாசம் பார்க்காமல் தாண்ட வேண்டுமென்றால் நமக்கு 38 வேண்டும். 8 ஆட்டத்தில் 14 புள்ளி, ஆட்டத்துக்கு 1.75.

அந்த 1.75-ஐ 38-ஆல் பெருக்கிப் பாருங்கள். 66.5 வரும். ஒரு சீசன் முழுக்க அந்த வேகத்தில் ஓடுபவர்கள் ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போகும் அணிகள். இத்தனை நாளும் அடியில் கிடந்த அணி திடீரென்று எட்டு ஆட்டம் அவர்களைப் போல ஆட வேண்டும். இந்த ஒரு பெருக்கலைச் செய்துவிட்டால், 'இன்னும் வாய்ப்பிருக்கு' என்று யாராவது சொல்லும்போது அது எவ்வளவு வாய்ப்பு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

"அப்ப போச்சா அண்ணே?" தம்பியின் முகம் விழுந்துவிட்டது.

போகவில்லை. வேகம் என்பது சராசரி. சராசரி அப்படியே நடந்துவிடுமென்றால் ஆட்டம் எதற்கு? எட்டே எட்டு ஆட்டத்தில் அதிர்ஷ்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறைய ஆடும். அது எவ்வளவு ஆடும் என்பதைத்தான் தொலைக்காட்சியில் '18 சதவீத வாய்ப்பு', '7 சதவீத வாய்ப்பு' என்று காட்டுகிறார்கள். ஏதோ பெரிய கணினி சோதிடம் சொல்வதுபோல இருக்கும். உள்ளே நடப்பது பகடை உருட்டல்.

அதை நாங்கள் உருட்டியே பார்த்தோம். கடைக்காரர் பாயின் மகனுடைய பாம்பு-ஏணிக் கட்டத்தில் ஒரு பகடை இருந்தது. நம் அணிக்கு ஒரு விதி: 6 விழுந்தால் வெற்றி, 5 அல்லது 4 விழுந்தால் சமநிலை, 3, 2, 1 விழுந்தால் தோல்வி. இந்த விதியில் ஆட்டத்துக்குச் சராசரி 0.83 புள்ளி வரும், நம் அணியின் வேகத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. 17-ஆவது இடத்தவருக்கு இன்னொரு விதி: 6 வெற்றி, 5, 4, 3 சமநிலை, 2, 1 தோல்வி. சராசரி சரியாக 1. ஆளுக்கு எட்டு உருட்டல், அது ஒரு சுற்று, ஒரு சீசனின் மிச்சம். மேசைகள் காலியான பிறகு பத்துச் சுற்று உருட்டினோம். மொத்தம் 160 உருட்டல். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பாயும் வந்து நின்றார்.

ஒன்பது சுற்றில் நம் அணி இறங்கியது. ஏழாவது சுற்றில் மட்டும் பகடை நமக்கு 6, 2, 6, 5, 6, 1, 4, 6 என்று விழுந்தது. 14 புள்ளி, மொத்தம் 38. எதிராளிக்கு 2, 4, 1, 6, 3, 1, 5, 2. வெறும் 6 புள்ளி, மொத்தம் 35. தாண்டிவிட்டோம். கடைசி 6 விழுந்தபோது தம்பி போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடியது.

கணக்குப்படி பார்த்தால் இந்த இரண்டு விதிகளையும் வைத்து நூறு சுற்று உருட்டினால் நம் அணி ஐந்திலிருந்து எட்டுத் தடவைதான் தாண்டும். நாங்கள் பத்தில் ஒன்று பார்த்தோம். கொஞ்சம் அதிர்ஷ்டம்தான். கணினிக்காரர்கள் செய்வதும் இதேதான். அவர்கள் 10,000 தடவை உருட்டுவார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனிப் பகடை. சொந்த மைதானம் என்றால் பகடையில் 6 கொஞ்சம் அதிகம், வலுவான எதிரணி என்றால் குறைவு. 10,000-இல் 700 தடவை தப்பித்தால் '7 சதவீதம்' என்று திரையில் போடுவார்கள். 7 சதவீதம் என்றால் 'முடியாது' என்று அர்த்தமில்லை, '14 வருடத்துக்கு ஒருமுறை நடக்கும்' என்பது போல. அந்த ஒருமுறை இந்த வருடமாகவும் இருக்கலாம்.

அந்த ஏழாவது சுற்றை இன்னொருமுறை பாருங்கள். நாம் நன்றாக ஆடியது பாதிதான். எதிராளி சறுக்கியது மீதிப் பாதி. தப்பிக்கும் அணிகளின் கதையில் இரண்டும் சேர்ந்துதான் நடக்கும். அதனால், மேலே கையெட்டும் தூரத்தில் எத்தனை அணிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். 17-ஆவது இடத்தவர் மட்டும் அருகில் இருந்து, 16-ஆவது இடத்தவர் பத்துப் புள்ளி மேலே போயிருந்தால், அந்த ஒருவர் சறுக்கினால்தான் வழி. 29, 30, 30, 31 என்று நாலு பேர் நெருக்கமாக நின்றால், நாலு பேரில் யார் சறுக்கினாலும் போதும். ஒருவரைத் தாண்டினால் போதும், எல்லோரையும் தாண்ட வேண்டியதில்லை.

இன்னொன்று, நேருக்கு நேர் மோதல். மீதி எட்டில் ஒன்று அந்த 17-ஆவது அணியோடேயே இருந்தால் அதை 'ஆறு புள்ளி ஆட்டம்' என்பார்கள். புள்ளி மூன்றுதான். ஆனால் நமக்கு 3 கூடும்போது அவருக்கு வரவேண்டிய 3 வராமல் போகிறது. ஜெயித்தால் 5 புள்ளி இடைவெளி ஒரே ராத்திரியில் 2 ஆகிவிடும். தோற்றால் 8. மீதி அட்டவணையில் முதலில் அந்தத் தேதியைத்தான் வட்டம் போட வேண்டும்.

இவ்வளவும் பகடை மாறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பகடையே மாறினால்?

2014-15 லெஸ்டர். 29 ஆட்டத்தில் 19 புள்ளி, கடைசி இடம், தப்பிக்கும் கோட்டுக்கு 7 புள்ளி கீழே. ஆட்டத்துக்கு 0.66. ஏப்ரல் 4 அன்று வெஸ்ட் ஹாமை 2-1 என்று வென்றார்கள். அதிலிருந்து மீதி 9 ஆட்டத்தில் 7 வெற்றி, 1 சமநிலை, 1 தோல்வி. 22 புள்ளி. ஆட்டத்துக்கு 2.44, அதை 38-ஆல் பெருக்கினால் 93, பட்டம் வெல்லும் வேகம்! 41 புள்ளியோடு 14-ஆவது இடத்தில் முடித்தார்கள். அடுத்த ஆண்டு நிஜமாகவே பட்டத்தையும் வென்றார்கள். இதை வெறும் அற்புதம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதற்கு முந்திய தோல்விகளில் பல ஒரு கோல் வித்தியாசத்தில் வந்தவை. புள்ளிப் பட்டியல் காட்டியதைவிட அந்த அணி நல்ல அணி. தடுப்பில் மூன்று பேரை நிறுத்தும் முறைக்கு மாறினார்கள், அனுபவமுள்ள ராபர்ட் ஹூத் இரவல் ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தார். பகடை மாறியதற்குக் காரணம் இருந்தது.

எனவே உங்கள் அணியைப் பற்றி நம்பிக்கை வைக்கும்போது, காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள். காயத்திலிருந்து கோல் அடிப்பவர் திரும்புகிறாரா? கோல் வித்தியாசம் பக்கத்தில் இருப்பவர்களைவிடக் குறைந்த பள்ளத்தில் இருக்கிறதா? 0-1, 1-2 என்று தோற்கும் அணியும் 0-4 என்று தோற்கும் அணியும் பட்டியலில் ஒரே புள்ளியில் இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2007-08இல் டார்பி கவுண்ட்டி சீசன் முழுக்க ஒரே ஒரு வெற்றியோடு 11 புள்ளி எடுத்தது, மார்ச் மாதமே கதை முடிந்துவிட்டது. அந்த மாதிரி அணிக்கு எந்தப் பகடையும் உதவாது.

ஒரே ஒரு புள்ளி எங்கிருந்து வரும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2020 ஜூன் 17, ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்ட் யுனைட்டடும் ஆடிய ஆட்டம். ஒரு ஃப்ரீகிக்கை (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் உதை) பிடித்த வில்லா கோல்காப்பாளர் பந்தோடு கோட்டுக்கு உள்ளே போய்விட்டார். கோலா இல்லையா என்று நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் சொல்ல வேண்டிய கருவி அன்றைக்கு வேலை செய்யவில்லை. கோல் கொடுக்கப்படவில்லை. ஆட்டம் 0-0. வில்லா சீசனை முடித்தது 35 புள்ளியில், போர்ன்மத் இறங்கியது 34 புள்ளியில். போர்ன்மத்துக்குக் கோல் வித்தியாசமும் ஒன்று கூடுதலாக இருந்தது. அந்த ஒரு கோல் கணக்கில் ஏறியிருந்தால் இடம் மாறியிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் போர்ன்மத் ரசிகர்களுக்காக எனக்கு வயிறு எரியும்.

நம் ஊருக்கு வருகிறேன். கடையிலிருந்து சிட்டி ஸ்டேடியம் பக்கம்தான். பினாங்கு ஆடும் நாளில் கச்சாங் பூத்தே கடலையைக் காகிதக் கூம்பில் சுற்றி வாங்கிக்கொண்டு, சிமெண்ட் படியில் சூடு ஆறும்முன்னே இடம் பிடிப்போம். 2016 பிப்ரவரி 16 அன்று அந்த மைதானத்தில்தான் ஃபைஸ் சுப்ரி பகாங்குக்கு எதிராக அந்த ஃப்ரீகிக்கை அடித்தார். இடது பக்கம் போவதுபோலக் கிளம்பி நடுவானில் வலது பக்கம் திரும்பிய பந்து. 2017 ஜனவரியில் அதற்கு ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஸ் விருது கிடைத்தது. உலகமே பினாங்கைப் பார்த்தது. அதே 2017 சீசனின் முடிவில் பினாங்கு மலேசியாவின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்கின் கடைசி இடத்தில் நின்று இறங்கியது. ஒரே ஆண்டில் இரண்டையும் பார்த்தவன் நான். இறங்குவது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இங்கிலாந்து அல்ல, அந்தச் சிமெண்ட் படிதான்.

இறங்கியவர்கள் திரும்பி வருவதும் உண்டு. கோலாலம்பூர் 2019இல் இறங்கியது, 2020இல் மேலேற இடம் பிடித்தது. 2021இல் புக்கிட் ஜாலில் அரங்கில் ஜொகூர் டாருல் தாக்சிமை 2-0 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. பினாங்கும் அதே 2020இல் இரண்டாம் நிலை லீக்கை வென்று ஏறியது, 2021இல் சூப்பர் லீக்கில் மூன்றாவது இடம். அதற்கு அடுத்த ஆண்டே மறுபடி கடைசி இடம்! ஆனால் அந்த முறை இறங்கவில்லை. லீக்குகளின் அமைப்பை மாற்றி இரண்டாம் நிலையை நிறுத்திவிட்டதால், கடைசியாக வந்தும் மேலேயே இருந்தது. அன்று நானும் மூச்சுவிட்டேன். ஆனாலும், மைதானத்தில் தப்பிப்பதும் விதி மாறித் தப்பிப்பதும் ஒன்றல்ல என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது.

அதனால் மலேசிய லீக்குக்கு மேலே சொன்ன கணக்கு மட்டும் போதாது. இங்கே ஒரு கிளப் அடுத்த ஆண்டு இருக்குமா என்பதைப் பட்டியலைவிடக் கஜானா முடிவு செய்கிறது. 2025இல் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டன. இரண்டும் பழம்பெரும் பேர்கள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நேரத்துக்குப் போகிறதா, உரிமம் கிடைத்துவிட்டதா என்ற செய்திகளையும் கோல் வித்தியாசத்தைப் போலவே கவனிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். இங்கே ராத்திரி 11 மணிக்குத் தொடங்கிக்கொண்டிருந்த ஆட்டங்கள் அதிலிருந்து 10 மணிக்கே தொடங்கிவிடும். எனக்கு அதுதான் அறிகுறி, அடிப்பட்டியலைத் தினமும் பார்க்கும் காலம் வந்துவிட்டது. மே மாதத்தில் வரும் சீசனின் கடைசி ஞாயிறு மட்டும் எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கும், வழக்கமாக நமக்கு ராத்திரி 11 மணிக்கு. மற்றவர் முடிவைத் தெரிந்துகொண்டு யாரும் ஆடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. 2005இல் அப்படியொரு கடைசி நாள் காலையில் வெஸ்ட் பிராம் கடைசி இடத்தில் இருந்தது. நாலு அணிகளில் ஒன்றுதான் தப்பிக்கும். வெஸ்ட் பிராம் 2-0 என்று ஜெயித்தது. மற்ற மூன்றும் ஜெயிக்கவில்லை. கிரிஸ்டல் பேலஸ் 2-1 என்று முன்னிலையில் இருந்து, கடைசிப் பத்து நிமிடத்துக்குள் ஒரு கோல் வாங்கியது. 34 புள்ளியோடு வெஸ்ட் பிராம் மேலே, 33 புள்ளியோடு பேலஸ் கீழே.

தம்பி இப்போது தேத்தண்ணி கலக்கும் மேடைக்கு மேலே, பால் டின் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு வாரமும் மூன்று எண்களை அடித்துத் திருத்துகிறார்: நம்ம புள்ளி, பதினேழாவது ஆள் புள்ளி, மீதி ஆட்டம். போன வாரம் நான் போனபோது மூன்றாவது எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தேதியை வட்டம் போட்டு வைத்திருந்தார். பதினேழாவது ஆளோடு நேருக்கு நேர் ஆட்டம். அன்றைக்கு ராத்திரி வேலையை மாற்றிக்கொடுக்கப் பாய் ஒத்துக்கொண்டுவிட்டாராம். எனக்கும் ஒரு நாற்காலி பிடித்து வைப்பதாகச் சொன்னார்.